‘போர்மட் அடிக்கத்தான் வேணும்’ எண்டு சொல்லுறவையளுக்கு

“தம்பி, இது சரிவராது. போர்மட் அடிக்கத்தான் வேணும்.”

கடைக்கார அண்ணை என்ர லப்டொப்பைத் திறந்து ஒரு நிமிசம்கூட ஆகேல்லை. கறுப்புத் திரையில ‘எரர்: நோ சச் பார்ட்டிஷன்’, அதுக்குக் கீழே ‘கிரப் ரெஸ்கியூ’. அதைப் பாத்த உடனே தீர்ப்புச் சொல்லிப்போட்டார். உள்ளுக்குள்ள இறுதி வருட ஆய்வுக்கு நான் பதிவுசெய்த 11 நேர்காணல்கள். அதில் பேசின ஒரு அம்மம்மா போன மாசம் காலமாகிவிட்டா. பிரதி எடுத்து வைக்காதது என்ர பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அழிக்கச் சொன்னது ஆர்?

நடந்தது இவ்வளவுதான். முதலாம் வருசத்தில பெடியள் வின்டோஸுக்குப் பக்கத்தில உபுண்டு போட்டுத் தந்தவங்கள். இடம் காணாமல் போக, வின்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டுக்குள்ள போய் உபுண்டு இருந்த பிரிவை அழிச்சன்.

பழைய பயோஸ் முறை லப்டொப்பில, ஹாட் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள்ளதான் தொடங்கிவைக்கிற சின்ன நிரல் இருக்கு. உபுண்டு போடேக்க அந்த இடத்தைக் ‘கிரப்’ பிடிச்சுக்கொள்ளும். கிரப்பின் மிச்சக் கோப்புகள் உபுண்டு பிரிவில இருக்கும். பிரிவை அழிச்சால் அது தன்ர மிச்சத்தைத் தேடி நிண்டுவிடும். வின்டோஸுக்கோ கோப்புகளுக்கோ ஒரு கீறலும் இல்லை. படலையில நிண்டு வழிகாட்டினவர் இல்லாமல் போனால் வீட்டை இடிக்கிறதா?

திருத்தின விதம் இது. நண்பனின்ர கணினியில 8 ஜீபீ பென் ஒண்டில வின்டோஸ் நிறுவியை ஏத்தினன். அதால தொடங்கி, ‘ரிப்பெயார் யுவர் கொம்பியூட்டர்’, ‘ட்ரபிள்ஷூட்’, ‘கொமாண்ட் ப்ரொம்ட்’ எண்டு போய், ‘பூட்ரெக்’, ஒரு இடைவெளி, சாய்கோடு, ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ எண்டு அடிச்சன். இந்தக் கட்டளை தொடக்க நிரலை மட்டும் மாத்தி எழுதும், பிரிவு அட்டவணையைத் தொடாது. பென்னைக் கழட்டித் திரும்பத் தொடங்க, வின்டோஸ் வந்தது. 11 பதிவும் இருந்தது.

புதிய யூஈஎஃப்ஐ லப்டொப் எண்டால் இந்தக் கட்டளை உதவாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. பூட் மெனுவில ‘வின்டோஸ் பூட் மனேஜர்’ஐத் தெரிவுசெய்து, அதை முதலாவதா வைச்சால் காணும். பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோலை முன்கூட்டியே எழுதி வையுங்கோ.

கடைக்காரரை மட்டும் திட்ட நான் வரேல்லை. டிஸ்க் உண்மையாவே செத்தால் அவரிட்டத்தான் போகவேணும். ஆனால் போர்மட் அவருக்குச் சுகம்: யோசிக்கத் தேவையில்லை, எல்லாப் பழுதுக்கும் ஒரே மருந்து. இழப்பு மட்டும் எங்கட கணக்கில. அடிக்கத்தான் வேணும் எண்டாலும், உபுண்டுப் பென் ஒண்டால தொடங்கிக் கோப்புகளை வெளியில எடுத்திட்டு அடிக்கலாமே?

லினக்ஸ் போட்டுத்தாற தோழர்களுக்கும் ஒண்டு. சுதந்திர மென்பொருள் எண்டு மணிக்கணக்காக் கதைக்கிறியள், நல்லது. கழட்டிற விதத்தை ஏன் சொல்லித்தாறேல்லை? வெளியேறத் தெரியாத இடத்தில என்ன சுதந்திரம்? முதலில தொடக்கத்தை வின்டோஸிட்டக் குடு, பிறகு பிரிவை அழி. ரெண்டு வசனம்தானே!

கடைசியாக, “ஆர்ட்ஸ் பெடியனுக்கு இதெல்லாம் எதுக்கு?” எண்டு கேக்கிறவைக்கு: எங்கட ஆய்வு, கவிதை, அம்மம்மாக்களின்ர குரல் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. ஒரு சனத்தின்ர நினைவைப் பற்றிக் கட்டுரை எழுதிற நாங்கள், அது எதில சேமிக்கப்பட்டிருக்கு எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் வெக்கம்.

அடுத்தமுறை ஆராவது போர்மட் எண்டால், “அண்ணை, என்ன பழுதாப் போனது?” எண்டு கேளுங்கோ. பதில் வராட்டி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வாங்கோ.