பத்து, ஒன்பதுக்கு முன்னாடி வருமா?

போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு நம்ம லேப்ல இருக்கற 24 போர்ட் ஸ்விட்சைக் கண்காணிக்க ஒரு பைத்தான் புரோகிராம் எழுதினேன். எந்த போர்ட்ல எவ்வளவு டேட்டா உள்ள வருதுன்னு எஸ்.என்.எம்.பி. வழியா கேட்டு ஸ்கிரீன்ல காட்டணும், அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தா ஒன்பது போர்ட்தான் வருது. மீதி பதினைஞ்சையும் காணோம். ஸ்விட்ச் போச்சுன்னு நானே முடிவு கட்டி லேப் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். பாவம், அவர் கேபிள் டெஸ்டரைத் தூக்கிட்டு வந்து ஒவ்வொரு போர்ட்டா செருகிப் பார்த்தார். ஒரு மணி நேரம். கடைசில, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீ எழுதினதைப் போய்ப் பாரு"ன்னார்.

பார்த்தேன். தப்பு ஒரே வரியில இருந்தது.

எஸ்.என்.எம்.பி.ல நாம கேட்கற ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓ.ஐ.டி.ன்னு ஒரு எண் முகவரி உண்டு. போர்ட்டுக்குள்ள வந்த பைட்டுகளோட எண்ணிக்கைக்கு 1.3.6.1.2.1.2.2.1.10. அதுக்குப் பின்னால போர்ட் நம்பர் ஒட்டும். 'கெட்நெக்ஸ்ட்'னு கேட்டா அடுத்த முகவரியையும் அதோட மதிப்பையும் ஸ்விட்ச் தரும். சில கருவிகள் கோளாறா பழைய முகவரியையே திரும்பத் தரும். அப்போ புரோகிராம் முடிவில்லாம சுத்தும். அதனால புதுசா வந்தது பழையதை விடப் பெருசான்னு சரிபார்க்கணும். அதை நானும் செஞ்சேன், ஆனா ரெண்டையும் ஸ்ட்ரிங்கா வச்சு. 10.9க்கு அடுத்து 10.10 வந்ததும் '1' என்ற எழுத்து '9'ஐ விடச் சின்னதுன்னு என் புரோகிராம் கடையைச் சாத்திடுச்சு.

சங்கரன்கோவில்ல எங்க தெருவுக்குத் தபால் கொண்டுவர்றவர் 9ஆம் நம்பர் வீட்டுக்கு அப்புறம்தான் 10ஆம் நம்பருக்குப் போவார். 1, 10, 11, அப்புறம் 19 வரைக்கும் போயிட்டு 2ஆம் நம்பருக்குத் திரும்பி வந்தா அவரை என்ன சொல்வோம்?

இதே குடும்பத்துல இன்னொரு தப்பும் இருக்கு. 2.2.1.1ல 'ஆரம்பிக்கற' எல்லாத்தையும் எடுன்னு ஸ்ட்ரிங்ல சொன்னா, 2.2.1.10ல இருந்து 2.2.1.19 வரைக்கும் எல்லாம் வந்து விழும். போர்ட் நம்பர் கேட்டவனுக்கு பைட் கணக்கும் எரர் கணக்கும் கலந்து கிடைக்கும். பிழைச் செய்தியும் வராது. அதுதான் பயமே.

ஓ.ஐ.டி. ஒரு எழுத்துச் சரம் இல்லை. அது முழு எண்களோட அணி. அதிகபட்சம் 128 எண்கள், ஒவ்வொண்ணும் 32 பிட்டுக்குள்ள. நடுவுல இருக்கற புள்ளி நம்ம கண்ணுக்காக வச்சது. கம்பியில போகும்போது புள்ளியே கிடையாது. முதல் ரெண்டு எண்ணும் சேர்ந்து ஒரே பைட் ஆகிடும் (1.3 என்றால் 40 + 3 = 43). 127க்கு மேல போற எண் ரெண்டு, மூணு பைட்டா உடையும்.

இதையெல்லாம் நாமளே எழுதி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் லைப்ரரில ஃபங்ஷன்கள் இருக்கு. சி மொழியில நெட்-எஸ்என்எம்பி எடுத்துக்கிட்டா, எழுத்தா இருக்கற முகவரியை எண் அணியா மாத்த 'ரீட்_ஆப்ஜ்ஐடி', ரெண்டை ஒப்பிட 'எஸ்என்எம்பி_ஓஐடி_கம்பேர்', ஒண்ணு இன்னொண்ணோட கிளையான்னு பார்க்க 'நெட்எஸ்என்எம்பி_ஓஐடி_இஸ்_சப்ட்ரீ'. இதுலயும் குழி உண்டு. கம்பேர் சமமா இருந்தா 0 தரும், 'இஃப்'புக்குள்ள அப்படியே போட்டா அர்த்தம் தலைகீழாகிடும். ரீட்_ஆப்ஜ்ஐடிக்குக் கொடுக்கற நீளம் உள்ள போகும்போது அணியோட கொள்ளளவு, வெளிய வரும்போது உண்மையான எண்ணிக்கை. லூப்ல ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்பவும் மேக்ஸ்_ஓஐடி_லென்னு வைக்கலைன்னா, அடுத்து வர்ற நீளமான முகவரி உள்ள போகாது. என் கிளாஸ்ல ரெண்டு பேர் இதுல மாட்டினாங்க. பைத்தான்ல இன்னும் எளிசு: எண்களை டப்பிளாக்கினா ஒப்பீடு தானா சரியா வரும். என் திருத்தம் ஒரு வரிதான்.

'ஏ.ஐ.கிட்ட கேட்டா எழுதித் தருமே'ன்னு ஒரு நண்பன் சொன்னான். தரும். எனக்கும் தந்திச்சு, ஸ்ட்ரிங் ஒப்பீட்டோட! 9 போர்ட் வரைக்கும் அழகா ஓடற கோடைப் பார்த்து சந்தேகப்படணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது தூரத்துச் சமாச்சாரமும் இல்லை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஆபீஸ் வச்சிருக்கற ஜோஹோ, 1996ல அட்வென்ட்நெட்டுங்கற பேர்ல ஆரம்பிச்சப்ப செஞ்சது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். மத்த கம்பெனிகள் வாங்கிப் பயன்படுத்த ஜாவால எஸ்.என்.எம்.பி. லைப்ரரி வித்தாங்க, அதுல 'எஸ்என்எம்பிஓஐடி'ன்னே ஒரு கிளாஸ் உண்டு. ஓ.ஐ.டி. மரத்துல அவங்களுக்கு ஒரு கிளையும் இருக்கு: 1.3.6.1.4.1.2162. அந்த 2162 கம்பியில 90 72ன்னு ரெண்டு ஹெக்ஸ் பைட்டா போகும். பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்க, வரும்.

நம்ம சிலபஸ்ல என்ன இருக்கு? 2021 ரெகுலேஷன் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல, முதல் யூனிட்டோட வால்ல எஸ்.என்.எம்.பி.ன்னு ஒரே ஒரு சொல். மேனேஜர், ஏஜென்ட், மிப்னு மூணு பெட்டி படம் வரைஞ்சா மார்க் வந்துடும். படம் வரைஞ்சவன்தான் நானும். அந்தப் படத்துல 10 எங்கயும் 9க்கு அப்புறம் வரலை. யூனிவர்சிட்டி மாத்தற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நம்ம டிபார்ட்மென்ட்டே ஒரு மதியத்தை ஒதுக்கலாம். ஒரு ஸ்விட்சும் ஒரு லினக்ஸ் மெஷினும் போதும். ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு 'வாக்' எழுதி, 24 போர்ட்டும் வரிசையா வர வைக்கணும்.

லேப் அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். ஸ்விட்ச் தர்றாராம். கேபிள் டெஸ்டரை மட்டும் இனிமே எடுத்துட்டு வர மாட்டாராம்.