அர்ரே மொழியை அறிமுகம் செய்கிறீர்களா? குறியீட்டைத் தள்ளி வையுங்கள், கணக்கைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்கு இருபது நிமிடத்தில் ‘ஜே’ என்ற அர்ரே மொழியை அறிமுகம் செய்ய வேண்டும். புதுச்சேரியில் ஒரு சிறிய ஹாலில் எனக்குக் கிடைத்த வாய்ப்பு இது. சாஃப்ட்வேர் துறையில் வேலை செய்பவன்தானே, எளிதாகச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சொதப்பி விட்டேன்.

நான் வரலாற்றில் ஆரம்பித்தேன். கனடாவைச் சேர்ந்த கென்னத் ஐவர்சன் 1962-ல் எழுதிய நூலின் பெயரிலிருந்து ‘ஏபிஎல்’ மொழிக்குப் பெயர் வந்தது, 1979-ல் அவர் டூரிங் விருது பெற்றார், ஏபிஎல்லின் விசித்திரக் குறியீடுகள் சாதாரண கீபோர்டில் இல்லாததால் 1990-ல் ரோஜர் ஹூயியுடன் சேர்ந்து ஜே மொழியை உருவாக்கினார் என்றெல்லாம் அடுக்கினேன். பிறகு ஒரே வரியில் பெரிய புரோகிராம் ஒன்றை எழுதிக் காட்டினேன். கைதட்டலை எதிர்பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது.

முத்தியால்பேட்டையில் மாவு வியாபாரம் செய்யும் ஒரு அக்கா மட்டும், “தம்பி, இதுல என் கடைக் கணக்கு போட முடியுமா?” என்று கேட்டார். “அதெல்லாம் அப்புறம் வரும் அக்கா” என்றேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவர் கேட்டதுதான் அன்றைய பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்த முறை அந்தக் கணக்கையே முதலில் வைத்தேன். இட்லி மாவு 50 ரூபாய், அடை மாவு 60, ராகி மாவு 70. விற்றவை 12, 5, 4 பாக்கெட்டுகள். ஜே-யில் இப்படி டைப் செய்து என்டர் தட்டவும்.

50 60 70 * 12 5 4

600 300 280 என்று விடை வரும். மொத்தம் வேண்டுமா?

+/ 50 60 70 * 12 5 4

விடை 1180. ‘+/’ என்றால் எண்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டு எல்லாவற்றையும் கூட்டு என்று பொருள். சி மொழியில் இதற்கு ஒரு லூப் எழுதி, ஒவ்வொரு எண்ணாக எடுத்துப் பெருக்க வேண்டும். இங்கே பட்டியல் முழுவதும் ஒரே பொருள். அர்ரே மொழியின் சாரம் இவ்வளவுதான்.

விலையை 5 ரூபாய் ஏற்றினால்? வந்திருந்த ஒருவர் தானே கீபோர்டை இழுத்து டைப் செய்தார்.

+/ 12 5 4 * 50 60 70 + 5

1285 என்று வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு எச்சரிக்கையையும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஜே வலமிருந்து இடமாகக் கணக்கிடும். பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது. 3 * 2 + 1 என்று கொடுத்தால் 7 வராது, 9 வரும். இதை மறைத்தால், வீட்டுக்குப் போய்த் தனியாகப் போட்டுப் பார்ப்பவர் ‘நமக்கு வராது’ என்று மூடி வைத்து விடுவார்.

‘இதை எக்செல்லிலேயே போடலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாவுக் கடைக்கு மட்டும் என்றால் எக்செல் போதும். ஆனால் டிஜிட்டல் போட்டோ என்பதும் வரிசை வரிசையாக அடுக்கிய எண்கள்தான். பைத்தானில் 2006-ல் வந்த நம்பை, இன்றைய செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் எல்லாம் எண் பட்டியலை மொத்தமாகக் கையாளும் இதே வழியில்தான் இயங்குகின்றன. மாவுக் கணக்கில் இது புரிந்தவருக்கு அவை அந்நியமாகத் தெரியாது.

குறுகிய நேரத்தில் சொல்லித் தர முடியாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தைப் பாருங்கள். பிரான்சில் உருவான, அர்ரே கணக்குகளுக்கு ஏற்ற ஸைலாப் சாஃப்ட்வேரை சிறு சிறு வீடியோ பாடங்களாகத் தமிழ்க் குரலிலும் தருகிறார்கள். பார்த்துக்கொண்டே நாமும் பக்கத்தில் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் முறை.

எனவே, பேசப் போகும் நண்பர்களுக்கு என் யோசனை இதுதான். வந்தவரின் கணக்கில் தொடங்குங்கள். மூன்று குறியீடுகளுக்கு மேல் காட்டாதீர்கள். பாதி நேரம் கீபோர்டு அவர்கள் கையில் இருக்கட்டும். ஐவர்சன் கதையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சொன்னால் போதும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்களே, ஜே இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். டவுன்லோட் செய்து, இந்த மாத மளிகைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யாராவது உங்களிடம் “அதெல்லாம் அப்புறம் வரும்” என்று சொன்னால் விடாதீர்கள், “இப்போதே காட்டுங்கள்” என்று கேளுங்கள்!