இருமினால் ஒரு மில்லியன்?

2001, செப்டம்பர் 10. லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ. ஹாட் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு ராணுவ மேஜர். 5 லட்சம் பவுண்ட் கைக்கு வந்தாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. ‘1 என்ற எண்ணுக்குப் பின்னால் 100 பூஜ்யங்கள் போட்டால் அதற்கு என்ன பெயர்?’ கூகோல், மெகாட்ரான், கிகாபிட், நானோமோல் என நான்கு விடைகள்.

லைஃப்லைன் எல்லாம் காலி. தவறாகச் சொன்னால் நேராக 32,000 பவுண்டுக்கு இறங்க வேண்டியதுதான். மேஜர் முதலில் நானோமோல் பக்கம் சாய்கிறார். கூகோல் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். பிறகு நான்கு விடைகளையும் வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். பின்னால் எங்கோ யாரோ இருமுகிறார்கள். கொஞ்ச நேரத்தில், கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்ன அந்த கூகோலையே தேர்வு செய்கிறார். சரியான விடை!

அரங்கம் அதிர்கிறது. தொகுப்பாளர் கிறிஸ் டாரன்ட் 10 லட்சம் பவுண்டுக்குக் காசோலை எழுதிக் கொடுக்கிறார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 7 கோடி ரூபாய். ஆனால், அந்தக் காசோலை கடைசிவரை பணமாகவில்லை.

இந்த நிஜக் கதைதான் ‘க்விஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடர். மூன்றே எபிசோட். 2020 ஏப்ரல் 13, 14, 15 என அடுத்தடுத்து மூன்று இரவுகளில் ஐ.டி.வி ஒளிபரப்பியது. தேதியைக் கவனித்தீர்களா? கொரோனா ஊரடங்கின் உச்சம். பக்கத்து வீட்டில் யாராவது இருமினாலே ஜன்னலைச் சாத்திய நாள்கள் அவை. அப்போது ஒரு நாடே உட்கார்ந்து இருமலைப் பற்றிய நாடகம் பார்த்திருக்கிறது!

எழுதியவர் ஜேம்ஸ் கிரஹாம். இயக்கம் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ், ‘தி க்வீன்’ படத்தை எடுத்தவர். அந்தப் படத்தில் பிரதமர் டோனி பிளேராக வந்த மைக்கேல் ஷீன், இதில் தொகுப்பாளர் டாரன்ட்டாக வருகிறார். அந்தக் குரல், அந்தக் கண் சிமிட்டல், பதிலுக்கு முன் ஆளைத் தவிக்கவிடும் அந்த மௌனம்... அசல் டாரன்ட்டே வந்து உட்கார்ந்தது போல இருக்கிறது. மேஜர் சார்லஸ் இங்ராமாக மேத்யூ மெக்ஃபேடியன், மனைவி டயானாவாக ஷான் கிளிஃபோர்ட். மெக்ஃபேடியனின் முகத்தைப் பார்த்தால் ‘இவர் அப்பாவியா, அப்பாவி போல நடிக்கிறாரா’ என்று கடைசிவரை பிடிபடவே இல்லை. இந்தக் கதைக்கு அது போதும்.

முதல் எபிசோடில் நிகழ்ச்சி பிறந்த கதை. ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ பிரிட்டனில் தொடங்கியது 1998 செப்டம்பரில். இந்தியில் அமிதாப் பச்சனை ‘கோன் பனேகா குரோர்பதி’யாக 2000-ல் வீட்டுக்குள் கொண்டுவந்ததும், தமிழில் 2012-ல் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யும் இதே மரத்தின் கிளைகள்தான். பரிசு பெரிதாக ஆக, அதைத் துரத்துகிறவர்களும் பெருகினார்கள். க்விஸ் என்றால் உயிரை விடும் ஒரு கூட்டம், எப்படியாவது உள்ளே நுழைய வழி தேடி அலைவதைத் தொடர் சுவாரஸ்யமாகக் காட்டுகிறது. டயானாவும் அவருடைய சகோதரரும் அந்த ரகம். இருவருமே ஏற்கெனவே போட்டிக்குப் போய் ஆளுக்கு 32,000 பவுண்ட் ஜெயித்தவர்கள். வீட்டிலேயே ‘ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கர்’ பட்டனைச் செய்துவைத்துப் பயிற்சி எடுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் க்விஸ் பைத்தியம் இல்லாத ஒரே ஆள் மேஜர்தான். கடைசியில் அவர்தான் மில்லியன் நாற்காலிக்குப் போகிறார்.

இரண்டாவது எபிசோட், அந்த இரண்டு நாள் படப்பிடிப்பு. முதல் நாள் 4,000 பவுண்டைத் தொடுவதற்குள் மேஜர் இரண்டு லைஃப்லைனைத் தொலைத்துவிடுகிறார். ‘நாளைக்கு இவர் தாங்க மாட்டார்’ என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மறுநாள் நடப்பது வேறு. ‘பேரன் ஹவுஸ்மான் எந்த நகரத்தைத் திட்டமிட்டு வடிவமைத்தவர்?’ என்று 5 லட்சம் பவுண்ட் கேள்வி. ‘பெர்லின்’ என்கிறார் மேஜர். ஓர் இருமல். அப்புறம் ‘பாரிஸ்’ என்று மாற்றுகிறார். பாரிஸ்தான் சரி.

இருமியது யார்? அடுத்து தன் முறைக்காகப் போட்டியாளர் வரிசையில் காத்திருந்த டெக்வென் விட்டாக் என்ற கல்லூரி ஆசிரியர் என்றது அரசுத் தரப்பு. டயானாவும் அவரும் போனில் பேசியிருக்கிறார்கள் என்பதையும் எடுத்துவைத்தது. பதிவில் கேட்பவை மொத்தம் 192 இருமல்கள். அவற்றில் 19 மட்டும் சரியான விடையைக் காட்டிக்கொடுக்கும் இருமல்கள் என்பது குற்றச்சாட்டு.

மூன்றாவது எபிசோட், நீதிமன்றம். தனக்குத் தூசி அலர்ஜியும் ஹே ஃபீவரும் உண்டு, இருமல் வாழ்நாள் தொந்தரவு என்றார் விட்டாக். ‘அப்படியானால் ஹாட் சீட்டுக்குப் போனதும் இருமல் எப்படி நின்றது?’ என்ற கேள்வி வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அந்த நாற்காலியில் அவர் ஜெயித்தது வெறும் 1,000 பவுண்ட்.

2003 ஏப்ரலில் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. இங்ராம் தம்பதிக்குத் தலா 18 மாதம், விட்டாக்குக்கு 12 மாதம் சிறை. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதால் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அபராதம் விழுந்தது. அதே ஆண்டு மேஜர் ராணுவத்தை விட்டும் விலக வேண்டியதாயிற்று. ‘நாங்கள் ஏமாற்றவில்லை’ என்றே மூவரும் சொல்லிவந்தார்கள்.

இதுவரை சொன்னதை விக்கிபீடியாவிலும் படித்துவிடலாம். தொடரைப் பார்க்க வேண்டிய காரணம் வேறு. ‘நாம் எதைக் கேட்டோம்’ என்பதை அது திரும்பக் கேட்கவைக்கிறது.

யோசித்துப் பாருங்கள். மேஜருக்கு இரண்டு மூன்று அடி எதிரே உட்கார்ந்திருந்தவர் டாரன்ட். ‘எனக்கு எந்த இருமலும் காதில் விழவில்லை’ என்றுதான் அவரே சொன்னார். ஆனால் டி.வி-யில் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு இருமல் இடி மாதிரி கேட்டது. எப்படி? அவர்கள் கேட்டது, இருமல் சத்தம் மட்டும் தூக்கிக் காட்டப்பட்ட பதிவு. அதைத் தயாரித்ததும், நிகழ்ச்சியை எடுத்த செலடார் நிறுவனமே. பரிசுப் பணத்தைக் கொடுக்க வேண்டியதும் அதே நிறுவனம்தான். மீதி 173 இருமல்களை யாரும் கவனிக்கவில்லை. எந்த இருமலைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காதுக்கு அது மட்டும்தான் கேட்கும்.

இந்த வாதத்தைத் தொடரில் எடுத்துவைப்பவர் பாதுகாப்புத் தரப்பு வழக்கறிஞர் சோனியா வுட்லியாக வரும் ஹெலன் மெக்ரோரி. குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி வைத்துப் பேசுகிறார். இரண்டாவது எபிசோடில் ‘திருட்டுக் கும்பல்’ என்று முடிவு கட்டியவர்கள், மூன்றாவதில் ‘அடப்பாவமே’ என்று நிமிர்ந்து உட்காருவார்கள். 2021-ல் மறைந்துவிட்ட அந்த அருமையான நடிகையை நினைத்தும் மனம் கனக்கிறது.

சரி, அப்படியானால் மேஜர் நிரபராதியா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நல்ல நடிகை, நல்ல வசனம், சரியான இடத்தில் க்ளோசப், கடைசி எபிசோட் முழுக்கப் பாதுகாப்புத் தரப்பின் கை ஓங்குவது... இதுவும் ஒரு வகை எடிட்டிங்தானே! டி.வி நிறுவனம் இருமலைத் தூக்கிக் காட்டியது என்றால், தொடர் சந்தேகத்தைத் தூக்கிக் காட்டுகிறது. ஜூரிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள். மூன்று மணி நேரத் தொடர் அதைப் புரட்டிப் போட்டுவிட முடியாது. தொடர் எழுப்பும் சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகம் வேறு, விடுதலை வேறு.

இதை ஜேம்ஸ் கிரஹாமும் அறிந்தேதான் செய்திருக்கிறார். தொடருக்கு முன்னால் 2017-ல் இது மேடை நாடகமாக வந்தது. பார்வையாளர்கள் கையில் ஓட்டுப் போடும் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். இடைவேளைக்கு முன்பு ஓர் ஓட்டு, முடிவில் ஓர் ஓட்டு. குற்றவாளியா, இல்லையா? பல இரவுகளில் முதல் ஓட்டும் இரண்டாவது ஓட்டும் நேரெதிராக விழுந்தன. அதே ஆட்கள், அதே நாற்காலி, நடுவில் கடந்தது ஒன்றிரண்டு மணி நேரம்!

என்னை உறுத்தியது இன்னொரு விஷயம். தீர்ப்பு கொடுத்த தண்டனைக்கு ஓர் அளவு இருந்தது. ஊர் கொடுத்த தண்டனைக்கு அளவே இல்லை. தெருவில் அந்தத் தம்பதியைப் பார்த்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் இருமிக் காட்டினார்கள். அவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள். அப்பா, அம்மா தப்பே செய்திருக்கட்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னார்கள்?

நமக்கும் இந்தக் கதையோடு ஒரு தொடர்பு உண்டு. சேரிப் பையன் ஒருவன் கோடி ஜெயித்தால் ‘ஏமாற்றித்தான் ஜெயித்திருப்பான்’ என்று போலீஸ் பிடித்துப்போகும் கதையை எழுதியவர் விகாஸ் ஸ்வரூப். பிரிட்டிஷ் மேஜரையே சந்தேகப்பட்டார்கள் என்றால் ஒரு குடிசைப் பையனை விடுவார்களா என்ற எண்ணம்தான் தூண்டுதல்களில் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நாவல்தான் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படமானது. நம் ஏ.ஆர்.ரஹ்மான் கையில் இரண்டு ஆஸ்கர் வந்து சேர்ந்தது. எல்ஸ்ட்ரீயில் கேட்ட இருமல் எங்கெல்லாம் எதிரொலித்திருக்கிறது பாருங்கள்!

இன்றைக்கு நம் போனுக்கு வரும் வீடியோக்களில் பாதி இந்த ரகம்தான். 20 நொடி க்ளிப், ஒரு சிவப்பு வட்டம், ஓர் அம்புக்குறி, ‘கையும் களவுமாகச் சிக்கினார்’ என்று ஒரு வரி. வட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஃபேமிலி குரூப்புக்குத் தள்ளிவிடுகிறோம். க்ளிப் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வட்டத்தைப் போட்டது யார், வெட்டி எறிந்த மீதி வீடியோ எங்கே என்று கேட்க எத்தனை நொடி ஆகும்?

வார இறுதியில் குடும்பத்தோடு ‘க்விஸ்’ பார்க்கிறீர்கள் என்றால் ஒரு யோசனை. இரண்டாவது எபிசோட் முடிந்ததும் தாத்தா, பாட்டி முதல் பேரன், பேத்தி வரை எல்லோருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ‘ஏமாற்றினார்’, ‘ஏமாற்றவில்லை’ என்று எழுதி மடித்து ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு இன்னொரு சீட்டு. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மேஜரைப் பற்றி முடிவு கிடைக்கிறதோ இல்லையோ, வீட்டில் யார் சீக்கிரம் மனசு மாறுகிறவர், யார் என்ன காட்டினாலும் அசையாதவர் என்பது தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது இருமினால் மட்டும், தயவுசெய்து ஒரு டம்ளர் வெந்நீர் கொடுங்கள். சந்தேகப்படாதீர்கள்!