கட்டுக்கம்பியால் கட்டி அனுப்பலாமா?



ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. என் கையில் பெட்ரோல் வாசனைதான் வரும். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெக்கானிக் ஷெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போவேன். சென்ற ஆண்டு ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் வந்தது. வாடகைக்கு ஓட்டுபவர். "வண்டி நின்னா பெட்ரோல் நாத்தம் வருது தம்பி, கொஞ்சம் பாரு" என்றார். கடை அண்ணன் வெளியே போயிருந்தார். பானெட்டைத் திறந்தேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஓஸின் முனை ஈரமாக இருந்தது.

"ஓஸ் மாத்தணும்ணே" என்றேன்.

"இன்னிக்கு கையில காசு இல்ல. இப்போதைக்கு ஏதாவது பண்ணி அனுப்பு. நீதான் டிப்ளமா படிக்கிறியே, உனக்குத் தெரியாததா?"

அந்த வார்த்தையில் மயங்கிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். என் பேச்சை ஒரு பெரியவர் நம்புகிறார் என்றால் சும்மாவா? கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி முறுக்கி அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் அதே வண்டி வந்தது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். என் கம்பி ஓஸையே அறுத்திருந்தது! பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. கீழேயே கொதிக்கிற எக்ஸாஸ்ட். தீப்பிடிக்காதது என் திறமை அல்ல, அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

நண்பர்களே, அன்று முதல் என் கருத்து இதுதான்: கசிவை அடைப்பது வேலை அல்ல. கசிகிற லைனை மாற்றுவதுதான் வேலை. டேங்கில் சோப்பு தேய்ப்பது, ஓஸில் டேப் சுற்றுவது, தண்ணீர் டியூபை வெட்டி மாட்டுவது - இவையெல்லாம் அனுபவம் என்ற பெயரில் நடக்கும் சூதாட்டம்!

முதலில் கசிவைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது நல்லது. பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகி, கறை மட்டும் மிஞ்சும். லைனைத் துணியால் துடைத்துவிட்டு, கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். பம்புக்குப் பிறகு ஓட்டை இருந்தால் இஞ்சின் ஓடும்போது வெளியே கசியும். பம்புக்கு முன்னால் இருந்தால் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு சொட்டுகூட விழாது, ஆனால் வண்டி மேம்பாலம் ஏறத் திணறும். ஓஸை அமுக்கிப் பாருங்கள். குச்சி மாதிரி விறைத்திருந்தாலும் சரி, கொழகொழவென்று இருந்தாலும் சரி, அதன் ஆயுள் முடிந்தது.

சொட்டு விழும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு. பெட்ரோல் பைப்பின் மேலேயே ஓடிவந்து தாழ்வான இடத்தில்தான் விழும். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 2013-ல் இதே தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. எங்கோ மண்ணுக்கடியில் எண்ணெய் கொண்டுபோகும் குழாய் கசிந்ததை மக்கள் தங்கள் வாளியில்தான் பார்த்தார்கள். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நான் அப்போது சின்னப் பையன். அம்மா இன்றும் சொல்வார். குழாய் பெரிதோ சிறிதோ, பாடம் ஒன்றுதான்: நாற்றம் வந்த பிறகு தேடுவதைவிட, வருவதற்கு முன் மாற்றுவது மேல்.

நம் பகுதியில் உப்புக் காற்று இரும்பு பைப்பை அரிக்கிறது. போதாததற்கு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது.

மாற்றும்போதும் அவசரம் கூடாது. பாட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஆகவே பிட்டில் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும், பீடி இருக்கக் கூடாது. டியூபை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை விடுங்கள், அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. பெட்ரோலுக்கென்றே செய்த, எத்தனால் தாங்கும் ஓஸையே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பழைய ஓஸ் வாங்கலாமா? உள்விட்டம் பைப்புக்குப் பொருந்த வேண்டும். கம்பி அல்ல, கிளாம்ப். துருப்பிடித்த இரும்பு பைப்பின் நடுவில் ஓஸ் துண்டு சேர்க்காமல் முழுசாக மாற்றி, சைலன்ஸர் பைப்பிலிருந்து தள்ளி கிளிப் போடுங்கள். மறுநாள் காலை மறுபடியும் செய்தித்தாள் வைத்துப் பாருங்கள்.

"ஏழைகிட்ட காசு இல்லையே, என்ன செய்ய?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று கடை அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஓஸ், கிளாம்ப் எல்லாம் புதிதாகப் போட்டார். "காசு ரெண்டு தவணையா குடு, ஆனா இப்படி ஓட்டாத" என்றார். பிறகு என்னிடம், "காசு இல்லாதவன் வண்டியிலயும் புள்ளைங்கதான் உக்காரும்" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத வரி அது.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, ஆசிரியர்கள் மேற்பார்வையில், இந்தப் பகுதி பழைய வண்டிகளின் பெட்ரோல் லைனை இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். ஒர்க்‌ஷாப் வகுப்பில் வெட்டி வைத்த இஞ்சினை மட்டும் பார்த்தால் போதுமா? ஒரு பழைய லைனை நாமே கழற்றி மாட்ட வேண்டாமா?

டிப்ளமா என்றால் நம் வார்த்தையை ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கட்டுக்கம்பியால் கட்டலாமா? சிந்திப்போம் நண்பர்களே!

- இரண்டாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு