கோட்டு சூட்டுப் படம் எதற்கு?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா பகுதிகளில் வசிக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் பகலில் ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள். இரவில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, இணையம் மூலம் வெளியூர், வெளிநாட்டு ஆர்டர்களைத் தேடுகிறார்கள். தட்டச்சு, மொழிபெயர்ப்பு, லோகோ வரைதல், பழைய போட்டோவைச் சரிசெய்தல் என்று வேலைகள் பல. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் தங்கள் வேலையை அறிவிக்க அவர்கள் வைக்கும் படங்களைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

கோட்டு சூட்டு அணிந்த வெள்ளைக்காரர் இருவர் கைகுலுக்குகிறார்கள். இல்லையென்றால் மேஜை மேல் லேப்டாப்பும் காபிக் கோப்பையும். கூகுளில் தேடி எடுத்த இதே படங்களை நூறு பேர் வைத்திருக்கிறார்கள். எங்கோ உட்கார்ந்து பார்க்கும் வாடிக்கையாளருக்கு இதிலிருந்து என்ன தெரியும்?

தாராவியில் தோல் பை விற்பவர் கடை வாசலில் எதைத் தொங்கவிடுகிறார்? விற்கப் போகும் பையைத்தான்! சினிமா நடிகையின் படத்தை மாட்டிவிட்டுப் பையை உள்ளே பூட்டி வைப்பதில்லை. அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த வியாபாரம், படித்த பிள்ளைகளுக்கு ஏன் தெரியாமல் போனது? வெள்ளை முகம் இருந்தால்தான் நம்புவார்கள் என்ற தாழ்வு மனப்பான்மையே காரணம்.

பிறர் எடுத்த படத்தைக் கேட்காமல் வைப்பது குற்றமும்கூட. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம். உரியவர் புகார் செய்தால் தளத்தில் அந்த அறிவிப்பே நீக்கப்படும். மாதக்கணக்கில் சேர்த்த நற்பெயர் ஒரு படத்தால் போவதா?

போட்டோ சரிசெய்பவர், கிழிந்த படத்தையும் சீரான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். லோகோ வரைபவர், தாம் வரைந்ததைக் காட்டட்டும். ஆர்டர் இதுவரை வரவில்லையா? கற்பனையாக ஒரு டீக்கடைக்கு வரைந்து, மாதிரி என்று குறிப்பிட்டு வைக்கலாம். தட்டச்சு செய்பவர் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆபீஸ் கடிதத்தையோ, பிறருடைய ஆதார் எண் உள்ள தாளையோ மாதிரியாகப் போட்டால் வேலைக்கே ஆபத்து. (அரசு ஊழியர் என்றால், இத்தகைய பக்கத் தொழிலுக்கு முன் அனுமதி தேவையா என்பதை முதலில் நடத்தை விதிகளில் பார்த்துக்கொள்வது நல்லது.)

ஃபைவர் போன்ற தளத்தில் ஒரு சேவைக்கு 3 படங்கள் வரை வைக்கலாம். நம்மவர்கள் ஒன்றை வைத்துவிட்டு, அதிலேயே விலை, போன் நம்பர், பத்து வரி ஆங்கிலம் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். கைப்பேசித் திரையில் அந்தப் படம் தீப்பெட்டி அளவில்தான் தெரியும். எழுத்து எறும்பு வரிசையாகிவிடும். நாலைந்து சொற்கள் போதும். மேலும், பல தளங்களில் போன் நம்பர் போடவே தடை.

சொந்த முகத்தையும் வைக்கலாம். ஸ்டூடியோ செலவு வேண்டாம். சால் வீட்டு அறை இருட்டாக இருந்தால், காலை வெயிலில் வராந்தா நிழலில் நின்று, துவைத்த சட்டையோடு நண்பரை எடுக்கச் சொன்னால் போதும். பின்னால் காயும் துணியும் நாள்காட்டியும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித் தர ஆள் இல்லை என்பது உண்மை. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட எத்தனையோ நாள் ஒதுக்குகின்றன. விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சங்க அறையில் இளைஞர்களை உட்கார வைக்கக் கூடாதா?