குடலைப் பட்டினி போடாதீர்கள்!

"குடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனிமேல் கஞ்சித் தண்ணீரோடு காலத்தைத் தள்ள வேண்டியதுதான்!"

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த அன்பே நோயாளிக்குக் கேடாக முடியலாம்.

நமது சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். உண்ட உணவின் சத்து பெரும்பாலும் இங்கேதான் இரத்தத்தில் சேருகிறது. குடல் முறுக்கிக் கொண்டாலும், அதற்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக் கொண்டாலும், குடல் அழுகிவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம்.

கொஞ்சம் போனால் பெரிய குறை தெரியாது. சுமார் 6½ அடிக்கும் குறைவாக மிஞ்சினால் கஷ்டம். சாப்பிட்டது சத்தாகச் சேராமல் பேதியாகப் போகும். உடம்பு இளைக்கும்.

மிஞ்சிய குடல் என்ன செய்கிறது?

சும்மா இருப்பதில்லை! ஆபரேஷன் ஆன ஓரிரு நாட்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. குடலின் உட்புறத்தில் விரல் போன்ற நுண்ணிய முளைகள் ஏராளம். சத்தை உறிஞ்சுபவை இவைதான். இவை நீண்டு வளருகின்றன. குடலும் விரிந்து பருமனாகிறது. நாலு பேர் வேலையை ஒருவனே செய்யப் பழகுவது போல! இந்த மாற்றம் 2 ஆண்டுகள் வரைகூட நடக்கும்.

இதைத் தூண்டுவது எது தெரியுமா? வாய் வழியாகச் சென்று குடலைத் தொடும் உணவுதான்!

1967-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், சிறுகுடலின் பெரும் பகுதி உருப்படாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய தோழர்களும் இரத்தக் குழாய் வழியாகவே முழு உணவையும் செலுத்தினார்கள். குழந்தை எடை கூடி வளர்ந்தது. மருத்துவ உலகம் வியந்தது.

மகத்தான முறைதான். ஆனால் இரத்தக் குழாயில் ஏற்றும் உணவு உயிரைக் காக்குமே தவிர, குடலுக்கு வேலை கொடுக்காது. வேலை இல்லாவிட்டால் அந்த முளைகள் குட்டையாகிவிடும். ஆகவேதான், இப்படி உணவு ஏற்றும்போதே வாய் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க டாக்டர்கள் முயலுகிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

"இப்போது வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் கொடுக்காதீர்கள். "சாப்பிடலாம்" என்று சொன்ன பிறகு தடுக்காதீர்கள். ஒரே வேளையில் நிறையப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

தாகம் என்று வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதும் நல்லதல்ல. அது உடம்பிலுள்ள உப்பையும் குடலுக்குள் இழுத்து வெளியேற்றிவிடும். டாக்டர் சொல்லும் அளவில் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 ஊசி தேவைப்படலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் மாதப் பேதியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். எல்லோருக்கும் முழுக் குணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் குடலுக்குக் காலமும் உணவும் கொடுக்காமலே கைவிடுவது தவறு.

பத்தியம் எது என்று டாக்டர் சொல்லட்டும். பக்கத்தில் இருந்து பரிமாறுவது நம் கடமை!