பாட்டுப் பாடினால் புகை அடங்குமா?

கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே, சிதம்பரம் சாலையில் போகிறவர்களுக்குப் பெயர்ப் பலகை தேவை இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்.

ரசாயன ஆலைகள் ஒரு புறம். உப்பனாறு மறு புறம். இவற்றை ஒட்டிக் குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி முதலிய ஊர்கள்.

ஷிப்டு முடிந்து பஸ் ஏறும் வாலிபர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறார்கள். செல்போனில் பாட்டு ஓடுகிறது. சினிமாப் பாட்டு மட்டும் அல்ல. சினிமாவில் வராத பாட்டும் ஓடுகிறது. அதற்கு "இண்டி" என்று பெயர். படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது. பாடுகிறவர்களே எழுதி, மெட்டுப் போட்டு, யூடியூபில் விட்டுவிடுகிறார்கள்.

"இது பாட்டா? வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இந்தப் பாட்டுகளில் பலவும் பழைய காதல் புலம்பல்தான். கொட்டு மட்டும் பெரிது. மீதிப் பாதிதான் கவனிக்க வேண்டியது. சினிமாப் பாட்டு சொல்லத் துணியாத ஒன்றை இவற்றில் சில சொல்லுகின்றன. ஊர் பெயரைச் சொல்லுகின்றன. கம்பெனி பெயரையும் சொல்லுகின்றன.

இது தமிழனுக்குப் புதிது அல்ல. தென் ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்ததும் இதுதான். ராஜா கதைக்கு நடுவே உள்ளூர்ச் சங்கதியைப் போட்டு உடைப்பான். ராப் பாட்டும் அப்படித்தான். தாளத்துக்குள் அடங்கிய வேகப் பேச்சு.

கொடைக்கானல் கதை

கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவில் இருந்து பிரித்துக் கொண்டுவந்து 1980-களில் நிறுவியது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஊர் திரண்டது. 2001-ல் ஆலை மூடப்பட்டது.

வேலை செய்தவர்கள் நோய் என்றார்கள். அந்த நோய்க்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றது கம்பெனி. வழக்கு ஐகோர்ட்டில் வருஷக் கணக்கில் நடந்தது.

2015 ஜூலையில் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். பெயர் "கொடைக்கானல் வோண்ட்". அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜ் பாடிப் புகழ் பெற்ற பாட்டின் மெட்டு. அதில் பாதரசக் கதையை ஏற்றினார். சில நாட்களில் லட்சக் கணக்கானவர்கள் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதைத் தம் ரசிகர்களுக்குக் காட்டினார்.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

அப்படியானால் பாட்டு ஜெயித்ததா? அவசரப்படக் கூடாது. தொழிலாளர் சங்கம் அமைத்தது, கோர்ட்டுக்குப் போனது, காகிதம் சேர்த்தது எல்லாம் பாட்டுக்கு முன்பே நடந்தவை. பதினைந்து வருஷம் பலர் தள்ளிய வண்டி அது. பாட்டு கடைசியாக ஒரு கை கொடுத்தது. மண்ணில் கிடந்த பாதரசமோ சமரசத்தோடு போய்விடவில்லை. அதற்காக 2018-ல் இன்னொரு பாட்டு பாட வேண்டியிருந்தது.

எண்ணூரில் சங்கீதம்

2017 ஜனவரியில் கர்நாடக சங்கீத வித்வான் டி.எம்.கிருஷ்ணா "சென்னை புறம்போக்கு பாடல்" வெளியிட்டார். எழுதியவர் கபேர் வாசுகி. சபா மேடையில் அல்ல. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடினார்.

புறம்போக்கு என்றால் ஊருக்கே பொதுவான நிலம். அதை வசவுச் சொல் ஆக்கிவிட்டோம் என்பதுதான் பாட்டின் சாரம். ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகை. ராப் பிடிக்காத பெரியவர்களும் இதைக் கேட்கலாம். ஆனால் பாட்டைக் கேட்டுச் சாம்பல் எழுந்து போய்விடவில்லை.

காசு யாருக்கு?

2021-ல் "என்ஜாய் எஞ்சாமி" வந்தது. தீயும் அறிவும் பாடினார்கள். இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு அதில் வைத்தார். கோடிக் கணக்கான தடவை ஓடிய பாட்டு. பிறகு, பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று தகராறு வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் சொன்னார்.

நிலம் பறிபோன கதையைப் பாடியவர்களுக்கே இந்தக் கதி!

சிப்காட்டுக்கு வருவோம்

பாட்டுக்கு வேண்டிய சரக்கு இங்கே குறைவு இல்லை. 2004-ல் ஊர் மக்களே காற்றைச் சோதித்தார்கள். நாற்றம் அடித்த நாள், நேரம், எந்தப் பக்கக் காற்று, என்ன வாடை என்று நோட்டில் எழுதினார்கள். வாளியில் வைத்த பையில் காற்றைப் பிடித்து அமெரிக்கச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருப்பது தெரிந்தது. சிப்காட் ஊர்களின் முதல் பலம் இந்த மூக்குக் கணக்குத்தான்.

அதற்குப் பிறகும் விபத்துகள் ஓயவில்லை. 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, தண்ணீர் குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்தது.

கொடைக்கானலைப் போல இங்கேயும் காகிதம் இருக்கிறது. பாட வெளியூர்க்காரர் வரவேண்டும் என்பதும் இல்லை. ஷிப்டு பஸ்ஸில் போகும் பையன்களுக்குத் தாளம் தெரியும். கையில் போனும் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். கொடைக்கானல் பாட்டு வந்தபோது அந்த ஆலை மூடி 14 வருஷம் ஆகியிருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அங்கே யாருக்கும் இல்லை. சிப்காட்டில் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆலையின் பெயரைச் சொல்லிப் பாடுகிற பையன், மறுநாள் அதே ஆலையின் கேட்டில் போய் நிற்க வேண்டும்.